‘அல்லது’வுக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி

தேநீருக்கு நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, இப்படியே குடிக்கிறேன்.

எடின்பரோவில் அந்தச் சின்னப் பதிப்பகத்தில் தலை நரைக்கும்வரை பிழை திருத்தியவள் நான். பேராசிரியர் லாக்லன் ஓர்டின் புத்தகங்களெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஒரே புத்தகத்துக்கு இரண்டு தலைப்பு வைப்பதில் அவருக்கு ஓர் ஆசை. அப்படி வைத்தால் ‘அல்லது’ என்ற சொல்லுக்கு முன்னால் அரைப்புள்ளி வரவேண்டும். அவர் மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி, முக்காற்புள்ளி வைப்பார். நான் திருத்துவேன். அவர் பழையபடி மாற்றுவார். முதல் புத்தகம் அவர் இஷ்டப்படியே வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அதன் மதிப்புரையில், இந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்த ஆளே இல்லையா என்று கேட்டிருந்தார்கள். அதை ஓர்ட் அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிச் சிரித்தார். முதலாளியும் கூடச் சிரித்தார்.

மூன்றாவது, ‘வடகடல்; அல்லது, என் தந்தையின் மௌனம்’. அச்சுக்குப் போகும் அன்று காலை கடைசி மெய்ப்புப் படியைப் பார்க்க வந்தார். மாடி ஏறியதில் மூச்சு இரைத்தது. தலைப்புப் பக்கத்தில் என் திருத்தத்தை அடித்துவிட்டு, “ஒரு புள்ளி, அதுக்குக் கீழ ஒரு வாலு. இதுக்குப் போய் உயிரை விடுறீங்களே, மிஸ் ஹாடோ” என்றார்.

விதியைப் பொறுமையாக மறுபடியும் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகியது. ஆஸ்துமா அவருக்கு வெகுநாளாகவே உண்டு. கோட்டுப் பையிலிருந்து எடுத்த இன்ஹேலர் கைநழுவி என் மேசைக்கடியில் உருண்டது. நான்தான் குனிந்து எடுத்தேன்.

கொடுக்கத்தான் கையை நீட்டினேன். அப்போது மேசைமேல் அந்தத் தலைப்புப் பக்கம் கண்ணில் பட்டது.

“முதல்ல இதைச் சரி பண்ணிடுங்க, புரொபசர்” என்றேன். குரலை உயர்த்தவில்லை. பேனாவையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

“குடுங்க... நீங்களே என்ன வேணா போட்டுக்கங்க” என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவர் கையாலேயே போடவேண்டும் என்றேன். பிறகு நான் மாற்றிவிட்டதாகப் புகார் வரக்கூடாதல்லவா. முதலில் போட்டது காற்புள்ளி மாதிரி இருந்தது. அடித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். இந்த முறை தெளிவாகவே போட்டார். உடனே இன்ஹேலரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை.

தொலைபேசி பக்கத்திலேயே இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. நானும் தாமதிக்கவில்லை. அச்சகத்தைக் கூப்பிட்டுத் தலைப்பு முடிவாகிவிட்டது என்று சொன்னேன். அடுத்து ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டேன்.

அவரை நான் கொன்றதாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த அரைப்புள்ளியை மிரட்டி வாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசியில் அவராகவே ஒப்புக்கொண்டார்.