ஒரு மீட்டர் தள்ளி

மாலை ஆறே கால். ஆஸ்பத்திரியின் பின்கேட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போகிற வழி. ஒரு பக்கம் நீண்ட சுவர், இன்னொரு பக்கம் வேலை பாதியில் நின்றுபோன கட்டடம். ஆள் இல்லை... ஒரு நாய்கூட இல்லை.

ஆமாம், ஆறே கால்தான். பேய் பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று எவன் சொன்னான்? அதற்கென்ன டியூட்டி நேரமா போட்டிருக்கிறார்கள்? கதவைச் சாத்திவிட்டு இப்படி வந்து உட்காருங்கள். நடுவில் யாராவது 'அது எப்படிக்கா?' என்று ஆரம்பித்தால் நான் எழுந்துபோய்ப் படுத்துவிடுவேன். நாளைக்குப் பயிற்சி வகுப்பில் தூங்கி வழியப்போவது நீங்கள்தான், நான் இல்லை.

இது எங்கள் லேபில் என்னோடு வேலை பார்ப்பவளின் அண்ணனுக்கு நடந்தது. அவள் பொய் சொல்ல மாட்டாள். அதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. அண்ணனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவன் மேல் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அவன் அந்த வழியில் நடந்து போகிறான். தோளில் பை. பைக்குள் கதிர்வீச்சு அளக்கிற கருவி. மறுநாள் காலை அதைச் சரிபார்க்கிற ஆபீஸில் கொடுக்க வேண்டும். பாதி வழியில் பைக்குள்ளிருந்து... டிக். டிக். டிக்.

அணைக்க மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று வெளியே எடுத்தான். வெறும் காற்றில்கூட அது எப்போதாவது ஒரு டிக் போடும், அது சகஜம். இது அப்படி இல்லை. விடாமல் டிக்டிக்டிக்... சுவர்ப் பக்கம் காட்டினான், குறைந்தது. கட்டடத்துப் பக்கம், குறைந்தது. முன்னால் நீட்டினான், ஏறக்குறைய அடங்கியே போனது. மெல்லத் தனக்குப் பின்னால் திருப்பினான்... கடுகு பொரிகிற மாதிரி சத்தம். முள் எட்டு புள்ளி நான்கில் நின்றது. ஆஸ்பத்திரியில் அவன் தினமும் அளக்கிற நோயாளி ஒரு மீட்டர் தள்ளி நின்றால் காட்டுமே, அப்படி.

காலிச் சாலை. எலுமிச்சை மிட்டாய் வாசனை மட்டும்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? இவனுக்கு இருந்தது. அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அங்கே தைராய்டு புற்றுநோய்க்கு ஒரு ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. கழுத்தில் இருக்கிற அந்தச் சின்னச் சுரப்பியை அறுத்து எடுத்த பிறகு, மிச்சம் மீதியை அழிக்கக் கதிர்வீச்சு உள்ள அயோடினைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்தவர் உடம்பே சில நாள் கதிர் வீசும். பெரியவர்களுக்கே ஆகாது, கைக்குழந்தையின் கழுத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்த மருந்து யார் உடம்பிலிருந்து எத்தனை நாளில் வெளியேறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. சேர்ந்தவர்கள் அங்கேயே தனி அறையில் தங்க வேண்டும். தினமும் மாலை ஆறே காலுக்கு இவன் போய், ஒரு மீட்டர் தள்ளி நின்று, கழுத்துக்கு நேராகக் கருவியைப் பிடித்து அளப்பான். எண் ஐந்துக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். பிள்ளையைத் தூக்கலாம்.

அப்படி ஒரு தையல்காரி வந்து சேர்ந்தாள். முப்பது வயது இருக்கும். வீட்டில் ஏழு மாதக் குழந்தை. புருஷன் தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே மைதானத்தில் நிற்பான். இவள் மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பாள். எச்சில் சுரப்பி கெட்டுப்போகாமல் இருக்க எலுமிச்சை மிட்டாய் கொடுத்திருந்தார்கள். அது வாய்க்குள் பல்லில் பட்டு கடக், கடக் என்று உருள உருள இவனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"எவ்வளவு சார் இருக்கு? பிள்ளைய எப்ப தூக்கலாம்?"

இவன் வீட்டிலும் ஏழு மாதப் பெண் குழந்தை. அந்த வாரம் அதற்குக் காய்ச்சல். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தவிப்பு. அந்த மருந்து தானாகவே எட்டு நாளில் பாதியாகும் என்பது புத்தகக் கணக்கு. ஒரு கட்டத் தாளில் பென்சிலால் கோடு இழுத்தால் நாளைய எண், நாளை மறுநாளைய எண், எல்லாம் வந்துவிடும். மேலே ஏறிப்போய் எதற்கு அளக்க வேண்டும்? நான்கு நாள் இவன் ஏறவே இல்லை. கோட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினான். அறைக்கு போன் போட்டுச் சொன்னான்.

"இன்னும் குறையலம்மா. ரெண்டு வாரம் ஆகும்."

உடம்பு புத்தகத்தைப் படித்துவிட்டா வேலை செய்கிறது? ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு வேகம். அதைக் கண்டுபிடிக்கத்தானே இவனுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, இதைச் சொல்லும்போது.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவள் செத்துப்போனாள். நுரையீரலில் ரத்தக்கட்டி. புற்றுநோய்கூட இல்லை. உடலைக் கொடுக்கும் முன்னால் அளக்க வேண்டும் என்பது விதி. இவன் வருவதற்குள் நர்ஸ் அளந்துவிட்டாள். எண் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் ஐந்துக்குக் கீழே எப்போதோ இறங்கியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம்... பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

பெரிய டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"நேத்து பத்துன்னு எழுதியிருக்க. ஒரு ராத்திரியில எங்கப்பா போச்சு?"

"கருவியில ஏதோ கோளாறு சார்."

வாய் கூசாமல் சொன்னான். அதனால்தான் கருவி சரிபார்க்கப் போனது. அவள் செத்த இரண்டாம் நாள் மாலைதான் நான் சொன்ன அந்தச் சாலை, அந்த எட்டு புள்ளி நான்கு. ஓடிப்போய் பஸ் ஏறினான். மறுநாள் ஆபீஸில் பார்த்துவிட்டுக் கருவியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. யாரிடம் வாய் திறப்பான்?

அவனுக்கு முதலில் பேய் நினைப்பு வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. மருந்து எங்கோ சிந்தியிருக்கிறது, செருப்பிலோ பையிலோ ஒட்டிக்கொண்டு தன்னோடு வருகிறது என்று நினைத்தான். கூட்டுகிற அம்மா அந்த அறையைத் துடைத்த துணியாலேயே எல்லா இடத்தையும் துடைத்துவிட்டாளோ என்று அவளிடம் போய்ச் சண்டை. அலமாரியில் கிடந்த பழைய கருவி ஒன்றை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். செருப்பு, சட்டை, பை... எதிலும் ஒன்றுமில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தான்.

அப்போது மணி ஆறே கால்.

டிக்டிக்டிக்டிக்... மேசை மேலிருந்து தானாக. கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். சமையலறையில் குறைந்தது, வாசலில் குறைந்தது. குழந்தை படுத்திருந்த அறைக்குள் போகப் போக ஏறியது. தொட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஏழு புள்ளி ஏழு. தொட்டிலில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் போய்ப் பிடித்தான்... முள் கடைசிக்கு ஓடி அடித்துக்கொண்டது. ஐந்தடி. கழுத்து இருக்கிற உயரம். காற்றில் கடக் என்று ஒரு சத்தம். பல்லில் மிட்டாய் படுகிற சத்தம்.

பைக்குள் அந்தக் கட்டத் தாள் இருந்தது. எடுத்து அன்றைய தேதிக்குப் பென்சில் கோடு எங்கே போகிறது என்று பார்த்தான். ஏழு புள்ளி ஏழு. முந்தின நாளுக்கு எட்டு புள்ளி நான்கு. அவள் உடம்பில் இருந்த எண் இல்லை அது. இவன் எழுதின எண்.

என்ன, மூச்சையே காணோம்? போர்வையை என்னிடமும் கொஞ்சம் இழுத்து விடுங்கள்.

அவன் பெண்டாட்டி லேசுப்பட்டவள் இல்லை. புருஷன் சாயங்காலமானால் தொட்டில் பக்கத்தில் கருவியோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். "ஆஸ்பத்திரியில இருந்து எதை வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க? பாப்பாவுக்கு ஏதாவது ஆகப்போகுதா?" என்று கேட்டாள். இவன் கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அவள் அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவனும் பின்னாலேயே போனான். அங்கே புது அறை, வேறு கட்டில். ஆறே காலுக்குக் கட்டில் பக்கத்தில் பிடித்தான்... ஆறு புள்ளி ஐந்து. கட்டத் தாளிலும் அதே.

அந்தத் தையல்காரி ஒழுங்கானவள், பாருங்கள். சொன்ன பேச்சைக் கேட்கிறவள். இவன் சொன்ன தூரத்தில் நின்று, இவன் எழுதின கணக்குப்படி, காத்துக்கொண்டிருந்தாள். எண் ஐந்துக்குக் கீழே வந்தால் பிள்ளையைத் தூக்கலாம் என்று இவன்தானே சொன்னான்? எந்தப் பிள்ளையை என்று சொன்னானா?

தாளைப் பார்த்தான். ஒன்பதாம் நாள், நாலு புள்ளி ஆறு.

ஒன்பதாம் நாள் மாலை அந்த அறையில் நின்றான். குழந்தை கட்டிலில் கை காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. தூக்கிக்கொண்டு ஓடலாம். எங்கே ஓடுவது? ஆறே கால். டிக்... டிக்... டிக். நாலு புள்ளி ஆறு. எலுமிச்சை வாசனை அடர்த்தியாக வந்தது. கட்டிலின் ஓரத்தில் மெத்தை லேசாக அமுங்கியது. யாரோ முழங்காலை ஊன்றுகிற மாதிரி. குழந்தை சட்டென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது.

இவன் எப்படியோ சொல்லிவிட்டான்.

"இன்னும் குறையலம்மா. ரெண்டு வாரம் ஆகும்."

மெத்தை எழும்பியது. மெதுவாக... ரொம்ப மெதுவாக. எலுமிச்சை வாசனை ஒரு மீட்டர் பின்னால் போய் நின்றுகொண்டது.

தப்பித்தான் என்கிறாயா? அதற்குப் பெயர் தப்பிப்பதா? மறுநாளும் ஆறே காலுக்கு வந்தாள். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு அடுத்த நாளும். பெரிய டாக்டர் மறுபடி கேட்கும் முன்னால் வேலையை விட்டுவிட்டான், கருவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது ஒரு கடையில் கணினி பழுது பார்க்கிறான். ஐந்து மணிக்கு மேல் முதலாளி காலில் விழுந்தாலும் நிற்க மாட்டான். நான்கு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தாயைப் பிள்ளையிடம் சேரவிடாமல் செய்த அதே பொய், இவன் பிள்ளைக்குக் காவல். பாவம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, நல்லா வேணும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போன மாதம் தங்கச்சிக்காரி அங்கே போயிருந்தாள். பேசிக்கொண்டே இருந்தவன் பாதியில் எழுந்தான். உள் அறை வாசலில் போய் நின்று, சுவரைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னான். குழந்தை தரையில் குப்புறப் படுத்து வண்ணப் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. இப்போது நாலரை வயசு. நன்றாகப் பேசும். தலையைக்கூடத் தூக்காமல் கேட்டதாம்:

"நீ அளக்காமலே சொல்றியாப்பா? ஆன்ட்டி கேக்குறாங்க."