பின்பலகையில் ஒரு துவாரம்

வரதராஜன்: கதவைச் சாத்தும் ஓய். மூணு மணிக்கு டெல்லி கமிட்டி இந்த மேஜையைச் சுத்தி உட்காரும். அதுக்குள்ள நீர் வாயைத் திறக்கணும்.

பாலசுப்ரமணியன்: நான் டிராஃப்ட்ஸ்மேன் சார். கோடு போடுவேன். வாயைத் திறக்கிறது சீஃப் இன்ஜினீயர் வேலை... அதாவது உங்க வேலை.

வரதராஜன்: நம்ம ஆறாம் நம்பர் ஸ்பீக்கரை அறுபத்துமூணுல வரைஞ்சது யாரு?

பாலசுப்ரமணியன்: நான்தான். கையெழுத்துப் போட்டது நீங்க.

வரதராஜன்: இருபத்துமூணு வருஷமா அதே பெட்டி. ஸ்டேஷன்ல அது, கல்யாண மண்டபத்துல அது, உப்பல் பஸ் ஸ்டாண்டுல அது...

பாலசுப்ரமணியன்: நடுவுல ஏழு புது மாடல் வரைஞ்சோமே சார்.

வரதராஜன்: ஏழும் பெட்டிக்குள்ள யாரோ தும்மினாப்பல கேட்டுது. அதை விடும். கமிட்டி ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்கு. பின்பலகை உச்சியில ஒரு துவாரம் இருக்கே, வளைஞ்சு, வால் நீண்டு... அது எதுக்கு? காரணம் இல்லேன்னா அடைச்சுடுங்கோன்னு.

பாலசுப்ரமணியன்: அடைச்சா ஸ்பீக்கர் செத்துப்போயிடும்.

வரதராஜன்: அடைச்சுப் பார்த்தேன் ஓய், போன வாரம். அண்டாவுக்குள்ள தலையை விட்டுண்டு பாசுரம் சேவிச்சாப்பல இருந்தது.

பாலசுப்ரமணியன்: அதையே அவாளுக்கும் போட்டுக் காட்டுங்கோ. ஆனா ஒண்ணு, டெல்லிக்காராளும் டெஸ்ட் ரூம் வாசல்ல ஷூவைக் கழட்டணுமா?

வரதராஜன்: கழட்டணும். தூசி ஆகாது. அறுபத்துமூணுலேருந்து நான் வெச்ச விதி. பேச்சை மாத்தாதேயும். துவாரம் எதுக்கு?

பாலசுப்ரமணியன்: காத்துப் போக வழின்னு எழுதுங்கோ.

வரதராஜன்: காத்துக்கு ஒரு வட்டம் போதுமே, வால் எதுக்குன்னு கேப்பான். பதில் இல்லேன்னா ஆறாம் நம்பரையே நிறுத்திடுவான். அதுக்காக எனக்குக் கொடுத்த மெடலைக் கொண்டுபோய் எங்கே வெச்சுக்கிறது?

பாலசுப்ரமணியன்: அடுத்த மாசம் நான் ரிடையர் ஆறேன். பென்ஷனுக்கு ஒண்ணும் வந்துடாதே?

வரதராஜன்: வராது. சொல்லும்.

பாலசுப்ரமணியன்: அது... துவாரம் இல்லை சார். பிள்ளையார் சுழி.

வரதராஜன்: சுழி எப்படி ஓய் பலகைக்குள்ள வந்தது?

பாலசுப்ரமணியன்: அன்னிக்குக் கிடைச்ச தாள் சின்னது. வழக்கம்போல உச்சியில சுழி போட்டுட்டுத்தான் ஸ்கேலையே எடுத்தேன். பலகையோட கோடு தாள் ஓரம் வரைக்கும் வந்துடுத்து. சுழி உள்ளே மாட்டிண்டுது. ஃபோர்மேன் யாதகிரி வாலைக்கூட விடாம அறுத்து வெச்சுட்டான். ஏன்டான்னு கேட்டா, 'டிராயிங்லோ உந்தி சார்'ங்கறான் தெலுங்குல, டிராயிங்ல இருக்காம்.

வரதராஜன்: அன்னிக்கே வந்து சொல்றதுக்கு என்ன?

பாலசுப்ரமணியன்: சொல்லத்தான் ஓடி வந்தேன். நீங்க ஸ்பீக்கரைப் போட்டுட்டு, கண்ணை மூடிண்டு, 'அமிர்தம்'னேள். அமிர்தத்துல எப்படி சார் திருத்தம் போடறது?

வரதராஜன்: சரி... பேனாவை எடும். 'தொடக்கத்திலேயே தடைகளை நீக்கும்பொருட்டு இத்துவாரம் உச்சியில் அமைக்கப்பட்டுள்ளது.'

பாலசுப்ரமணியன்: இது காத்தைப் பத்தியா, அவரைப் பத்தியா?

வரதராஜன்: டெல்லிக்குக் காத்து. 'எக்காரணம் கொண்டும் இதன் வடிவத்தை மாற்றலாகாது'ன்னும் சேர்த்துடும்.

பாலசுப்ரமணியன்: நெத்தி நிறைய நாமத்தைப் போட்டுண்டு... உங்காத்துல அவரைச் சேவிக்கிற வழக்கமே கிடையாதே.

வரதராஜன்: தும்பிக்கையாழ்வார்னு ஒரு பேர் வெச்சிருக்கோம். உறவு விட்டுப்போகலை. எழுதும்.

பாலசுப்ரமணியன்: எழுதியாச்சு. நல்லவேளை, இத்தனை வருஷமா உங்க கண்ணுல படலை. டெஸ்ட் ரூம் இன்ஸ்பெக்ஷன்ல பெட்டிக்குப் பெட்டி அந்தச் சுழியைத் தடவிப் பார்ப்பேளே, எனக்கு உசிரே போயிடும்.

வரதராஜன்: ம்.

பாலசுப்ரமணியன்: அப்புறம்தான் மூச்சு வரும். பிசிறு இருக்கான்னுதானே பார்க்கறார்னு...

வரதராஜன்: பிசிறு பார்க்கறவன் எதுக்கு ஓய் வாசல்லயே செருப்பைக் கழட்டறான்?