ஜவ்பரின் எஞ்சின் ஒழுக்கு

எஞ்சினில் ஒயில் ஒழுகினால் முதலில் அதைக் கழுவ வேண்டும், சேர். பலர் கழுவுவதில்லை. சொட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு நேர் மேலே இருக்கிற நட்டை இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஒயில் ஓரிடத்தில் கசியும், இன்னோரிடத்தில் சொட்டும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிள்ளைகளுக்குப் பூசுகிற பவுடரை மேலே தூவிவிட்டு ஓடவிட்டால், எது முதலில் நனைகிறதோ அதுதான் ஒழுக்கு. இருபத்தாறு வருடமாகக் கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்துகிறேன். இந்த வழி எனக்குப் பிழைத்ததில்லை.

என் பெயர் லாபிர். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை. காலையில் நானே பஸ் ஏறி இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜவ்பர் என் மனைவி ஜெஸீமாவின் தம்பி. மூன்றரைத் தொன் படகு ஒன்று வைத்துத் தொழில் செய்கிறவன். என் சொந்தத் தம்பி இக்ராம் அவனோடுதான் கடலுக்குப் போனான். போன வருடத்துக்கு முந்தின மாரியில் ஒரு நாள் ஜவ்பர் தனியாகத் திரும்பி வந்தான். வலை இழுக்கும்போது அலை அடித்து இக்ராம் விழுந்துவிட்டானாம். இரண்டு தரம் சுற்றித் தேடினானாம். பிறகு எஞ்சின் சூடாகி, நிற்கப் பார்த்ததாம்.

"ஒயில் எல்லாம் படகுக்குள்ள கிடந்திச்சு மச்சான். இன்னும் ஒரு சுத்துச் சுத்தியிருந்தா எஞ்சின் இறுகி நிண்டிருக்கும். மெல்ல மெல்லக் கரைக்கு வந்தன்" என்றான்.

அந்த எஞ்சினை மூன்று நாளைக்கு முன்புதான் நான் திறந்து, பின்பக்க ஒயில் சீலை, எஞ்சின் தண்டைச் சுற்றி ஒயிலை அடைத்துப் பிடிக்கிற ரப்பர் வளையத்தை, மாற்றிக் கொடுத்திருந்தேன். நான் திருத்திய எஞ்சின் ஒயிலைக் கக்காது. ஆகவே அவன் சொன்னது பொய். இதை நான் துறையில் வைத்துச் சொன்னேன். பள்ளிவாசல் முற்றத்தில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். இக்ராமின் மனைவி சனூஸாவிடமும் சொன்னேன். ஜவ்பர் ஒரு சொல் எதிர்த்துக் கதைக்கவில்லை. பொய்க்காரன் வேறென்ன செய்வான் என்று நான் கேட்டேன். ஊரும் நம்பியது. இக்ராமின் உடல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவன் என் படலையைத் திறக்கவில்லை. ஒயில் கேன் ஒன்றைப் படகில் வைத்துக்கொண்டு, ஊற்றி ஊற்றித் தொழில் செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். வேறு மெக்கானிக்கிடம் காட்டவும் இல்லை. போன மாதம் ஜெஸீமா இரண்டு பக்கமும் நின்று அழுததால், அவன் எஞ்சினைக் கழற்றி லேண்ட் மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டு முற்றத்துக்கு வந்தான். அவனுடைய தொழிலாள் நிப்றாஸும் கூட வந்தான். இருபத்தேழு வயது, மனைவி பெயர் இன்ஷிரா, ஆறு மாதப் பெண்பிள்ளை ஒன்று. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எங்கும் சொல்லப் போவதில்லை.

"வேற ஆள் திறந்தா ஊரில வேற கதை வரும் மச்சான். நீங்களே பாருங்க" என்றான் ஜவ்பர்.

இந்த வசனத்தைக் கவனியுங்கள், சேர். இது ஒரு மிரட்டல். ஜெஸீமா இதை வேறு மாதிரி விளங்கிக்கொள்கிறாள். அவள் அவனுடைய உடன்பிறப்பு.

கழுவினேன். காயவைத்தேன். பவுடர் தூவினேன். கொட்டகைக்குள் மரக்கட்டைகளின் மேல் வைத்து ஓடவிட்டு, சின்னக் கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். மேல்மூடி உலர்ந்திருந்தது. பக்கத் தட்டு உலர்ந்திருந்தது. பின்பக்கம் சுழல்கிற ஃபிளைவீல் சக்கரத்தின் பின்னால் பவுடர் கறுத்துக்கொண்டு வந்தது. வேகம் கூட்டினால் ஒயில் ஒரு விரல் தடிப்பில் வழிந்தது. ஜவ்பரையும் நிப்றாஸையும் பின்னேரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, ஃபிளைவீலைக் கழற்றினேன்.

பழைய சீலின் விளிம்பு ஓரிடத்தில் உள்ளே மடிந்திருந்தது. தண்டில் ஒயில் தடவாமல் அவசரத்தில் தள்ளிப் பூட்டினால் அப்படி மடியும். பொதுவாக அப்படி. பொதுவாக என்றுதான் சொல்கிறேன். நான் பூட்டுகிற சீலில் ஊசியால் திகதி கீறிவிடுவது என் பழக்கம். அதில் என் கையால் கீறிய திகதி இருந்தது. இக்ராம் போவதற்கு மூன்று நாள் முன்பு.

திகதியைத் துணியால் துடைத்து இன்னொரு தரம் வாசித்தேன். ஜெஸீமா தேத்தண்ணி கொண்டுவந்து, "என்ன, ஒழுக்குப் பிடிபட்டுதா?" என்று கேட்டாள். "ஓம், சின்ன வேலைதான்" என்றேன். சீலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கியது. ஜவ்பர் என் தம்பியைக் கடலில் விட்டுவிட்டு வந்தவன். ஒயில் போனது உண்மையாகவே இருக்கட்டும். எஞ்சின் இறுகினால் இறுகட்டும் என்று அவன் நின்றிருக்க வேண்டும். நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவனும் ஒரு தரம் அறிய வேண்டும். அதற்குக் காரணம் இக்ராம் மட்டும்தான்.

புதுச் சீல் பூட்டினேன். இந்த முறை தண்டில் ஒயில் தடவி, விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்து, நேராகப் பூட்டினேன். பின்னேரம் அவர்கள் வந்ததும் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். கீழே விரித்த காட்போட் மட்டையில் ஒரு பொட்டு இல்லை. அந்த வேலையில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல ஏலாது. ஒழுக்கை நான் உண்மையாகவே சரிசெய்தேன்.

ஜெஸீமா அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஜவ்பர் என் வீட்டுக் கதிரையில் இருந்து சோறு தின்றான். அவர்கள் உள்ளே இருந்தபோது, எஞ்சினின் அடியில் ஒயில் வடிக்கிற நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஒயில் குறைந்தால் எரிகிற பல்பின் வயரையும் கழற்றி, பூட்டியிருப்பது போலச் செருகிவிட்டேன். கரையில் ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலில் முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் நடுங்கினால் நட்டு கழன்று விழும்.

மறுநாள் துறையில் மூன்று பேருமாக எஞ்சினைப் படகில் இறக்கிப் பூட்டினோம். நிப்றாஸ் கரையில் நின்று, அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிட்டு, ஒயில் கேனைத் தூக்கிக் காட்டினான்.

"லாபிர் நானா, இனி இதச் சுமந்துகிட்டுப் போகத் தேவையில்லத்தானே?"

"தேவையில்ல" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே அதைத் துறைக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு வந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவனுக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன். கடலுக்குத் தனியாக ஒருவரும் போவதில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

மற்றது உங்களுக்குத் தெரியும். மாரிக் கடல். எஞ்சின் இறுகி, படகு வடக்கே இழுபட்டு, திரியாய்ப் பக்கம் கவிழ்ந்தது. ஜவ்பரை ஒரு மிதவையோடு மீனவர்கள் தூக்கினார்கள். நிப்றாஸ் மூன்றாம் நாள் குச்சவெளியில் ஒதுங்கினான். இன்ஷிரா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்ட வரவில்லை. "நானா, எஞ்சின் நல்லாத்தானே இருந்திச்சு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருந்திச்சு" என்றேன். அதுவும் பொய்யில்லை.

நான் பிடிபட்டிருக்க மாட்டேன், சேர். கரையொதுங்கிய படகில் நட்டு இல்லாததை நீங்கள் கண்டுபிடித்தவுடன் ஜவ்பர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி உங்கள் ஆட்களிடம் என்ன சொன்னான்? ஒயில் மாற்ற நட்டைக் கழற்றியது தான்தான், சரியாக இறுக்கவில்லைப் போல, என்று சொல்லியிருக்கிறான். நீங்களும் எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். அவன் அந்த நட்டைத் தொடவே இல்லை.

நேற்று ஜெஸீமாவோடு அவனைப் பார்க்கப் போனேன். அவள் மருந்து வாங்கப் போனதும் அவன் என் கையைப் பிடித்தான். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"இக்ராம் போன அண்டைக்கே எனக்குத் தெரியும் மச்சான், பின் சீல்தான் எண்டு. நீங்க அறிஞ்சா உசிரோட இரிக்க மாட்டீங்க. அதான் ஒருத்தருக்கும் சொல்லல்ல, வேற ஒருத்தருக்கும் திறக்கக் குடுக்கவுமில்ல."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நட்டையும் நான் என்ட தலையில போட்டுட்டன். நீங்க வீட்ட போங்க. நிப்றாஸ்ட பிள்ளையைப் பாத்துக்கொள்ளுவம்" என்றான்.

அதனால்தான் வந்தேன். குற்ற உணர்ச்சி, மனச்சாட்சி என்று நீங்கள் ஏதும் எழுத வேண்டாம். பதினான்கு மாதம் என் ஏச்சை எல்லாம் கேட்டுக்கொண்டு, எனக்கு இரக்கம் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான் இந்த மனிதன். என்னைக் காப்பாற்றச் சொல்லி இவனிடம் யார் கேட்டது? என் தம்பியைக் கடலில் விட்டுவிட்டு வந்தவனுக்கு என்னை மன்னிக்க என்ன உரிமை? நட்டைத் தளர்த்தியது நான். வயரைக் கழற்றியது நான். கேன் தேவையில்லை என்று சொன்னது நான். இன்னொரு தரம் அந்த எஞ்சின் என் முற்றத்துக்கு வந்தாலும் இதையேதான் செய்வேன். கீழே கையெழுத்து வைக்கிறேன். காரணம் என்ற இடத்தில் இக்ராம் என்று எழுதுங்கள்.

பழைய சீல் எங்கே என்று கேட்கிறீர்கள். அன்றைக்கே கிண்ணியாப் பாலத்தில் நின்று தண்ணீருக்குள் எறிந்துவிட்டேன். அதைத் தேடி ஆளை இறக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். என் தம்பி செத்ததற்கும் அந்தச் சீலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, சேர். இருந்திருந்தால் அதை நான் ஏன் எறிந்திருக்கப் போகிறேன்?