வண்டி என்று கத்தும் உரிமை

தெருவில் பந்தடிக்க இருபத்தேழு விதிகள் எதற்கு என்று கேட்டீர்கள், ஐயா. நியாயமான கேள்வி. நான் எழுதியது நாற்பத்தொன்று. சட்டைப் பையில் வைக்கிற அளவுப் புத்தகத்தில் அவ்வளவு கொள்ளாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் லிஃப்ட் பரிசோதகர். எட்டுப் பேர் ஏறலாம் என்று போட்டிருக்கும் லிஃப்டில், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது ஆளாக நுழைகிறவர்களை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று நம்புகிற ஜனங்கள். இவர்கள் கையில் மட்டையைக் கொடுத்துத் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்று யாராவது ஒருவர் யோசிக்க வேண்டாமா? எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி சங்கத்தில் அந்த வேலையை நான் செய்துவந்தேன்.

பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. மட்டை முழங்காலுக்கு மேலே போகக் கூடாது. கோல் போட்டவர் ஒரே ஒருவரைக் கட்டிப்பிடிக்கலாம், அதுவும் தன் அணியில். யார் காலிலாவது அடித்துவிட்டால், மூன்று பேருக்காவது கேட்கும்படி மன்னிப்புக் கேட்க வேண்டும். இதற்குத்தான் எனக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். நேரில் சொல்லமாட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது சொல்வார்கள்.

ஆட்டம் எளிது. தெருவின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் குழாயில் செய்த கோல், நடுவில் ஒரு ரப்பர் பந்து. வண்டி வந்தால் 'வண்டி' என்று கத்த வேண்டும். எல்லோரும் கோலையும் தூக்கிக்கொண்டு ஓரம் போக வேண்டும். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் கத்தலாம் என்று இருந்தது. அதில் என்ன கோளாறு என்பதை எனக்குப் புரியவைத்தவர் என் தங்கையின் கணவர்.

அவர் பேக்கரி வைத்திருக்கிறார். வைத்திருந்தார். செத்துப்போனவர் அவர்தான் என்பதால் உறவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் நான் மறைத்ததுபோல் ஆகிவிடும்.

பேக்கரிக்காரர் கோல்கீப்பர். ஒருநாள் நான் அடித்த பந்து அவர் கால்களுக்கு நடுவே நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது, சாவகாசமாக 'வண்டி' என்றார். எல்லோரும் ஓரம் ஓடினோம். தெருவில் ஒரு பூனை நடந்து போனது. "அதுக்கும் நாலு காலு இருக்கே மச்சான்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் தங்கை சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோல் செல்லாது என்று ஆனது. ஐந்து வருடத்தில் நான் போட்ட ஒரே கோல் அது.

அடுத்த வாரம் பதினான்காம் விதி வந்தது. 'வண்டி' என்று கத்தும் உரிமை, எங்களில் முறைபோட்டு வண்டி பார்க்க உட்காரும் அன்றைய காவல்காரருக்கு மட்டுமே உண்டு. வேறு யார் கத்தினாலும் இரண்டு வாரம் விலக்கு. நான் பழிவாங்குவதாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். பழிவாங்குகிறவன் நான்கு வாரம் போட்டிருப்பான்.

போன மாதம் குப்பை லாரி வந்தபோது, எங்களோடு ஆடும் சலூன்காரர் முறையில்லாமல் கத்திவிட்டார். "லாரி நெஜமாவே வந்துச்சுங்க" என்று வாதாடினார். வந்தது லாரியா பூனையா என்பதல்ல விஷயம், கத்தியது யார் என்பதுதான் விஷயம் என்று பொறுமையாக விளக்கி, இரண்டு வாரம் உட்காரவைத்தேன். அதன் பிறகு காவல்காரரைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த நிலையில்தான், போன வாரம் திங்கட்கிழமை, பேக்கரிக்காரர் ஒரு கேக் டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தார். டப்பாவின் மூடியில் பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இருபத்தேழு விதிகளையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று: 'வண்டி வந்தா கத்து, இல்லாட்டி ஆடு.' கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. முதல் கையெழுத்து என் தங்கையுடையது.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். ஞாயித்துக்கெழமை ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் கை தூக்கி முடிச்சிடலாம். நீங்க எழுதுனதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கிறது? நாங்க ஆட வர்றோமா, பரீட்சை எழுத வர்றோமா?"

நான் மூடியில் இருந்த கையெழுத்துகளை எண்ணினேன். அவருக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "நீங்களும் ஜாலியா வந்து ஒரு கோல் போடுங்க. நானே விட்டுக்குடுக்குறேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. விட்டுக்கொடுப்பாராம். கேக் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஞாயிறு காவல் முறை என்னுடையது. முறைப் பட்டியலை எழுதுவதும் நான்தான். காவல்காரர் தெரு வளைவில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். வருகிற வண்டி அவருக்குத்தான் முதலில் தெரியும். மதியமே போய், வளைவுப் பக்கத்துக் கோலின் சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டு, வளைவிலிருந்து அறுபது அடி தள்ளி இருந்ததை இருபது அடியில் போட்டேன். அந்தக் கோலில் எப்போதும் நிற்பவர் பேக்கரிக்காரர்; அங்கே நிற்கிறவருக்கு வளைவு முதுகுப்பக்கம் இருக்கும்.

"என்னங்க, கோல் வளைவுகிட்ட வந்துடுச்சு?" என்று சலூன்காரர் கேட்டார்.

"ஆறாம் விதி" என்றேன். கோடு போடுவது என் பொறுப்பு என்பதுதான் ஆறாம் விதி. "சரிங்க" என்று போய்விட்டார். விலக்கு அவரை எவ்வளவோ பக்குவப்படுத்தியிருந்தது.

ஞாயிறு ஐந்தேகாலுக்கு ஒரு பார்சல் வேன் வரும். பேட்டரியில் ஓடுவது, சத்தமே இருக்காது. வளைவிலும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். இதைக் கண்டித்துச் சங்கப் பதிவேட்டில் நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். எடுத்துப் பாருங்கள்.

ஐந்தேகாலுக்குச் சற்று முன்பு பந்து ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் விழுந்தது. எடுத்துவர என் தங்கை போனாள். அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்பதைப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் ரத்தபாசம் உண்டு. ஆட்டம் நின்றிருந்ததால் டீச்சர் ஒருவர் கோலுக்கு முன்னால் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஓரத்துக்கு வந்துதான் லேஸ் கட்ட வேண்டும் என்று ஒன்பதாம் விதி தெளிவாகச் சொல்கிறது.

வேன் தெருமுனையில் திரும்பியபோதே பார்த்துவிட்டேன். அது என்னைத் தாண்டிப் போகும்வரை ஆறு எண்ணினேன். ஒரு வார்த்தை கத்த அவ்வளவு நேரம் தேவையில்லை.

அது வளைவுக்குள் வந்ததும் சலூன்காரர் பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முறை என்னுடையது அல்லவா? திறந்த வாயோடு அப்படியே நின்றார். நான் எழுதியதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று பேக்கரிக்காரர் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது கண்ணால் கண்டேன். சந்தோஷமாக இருந்தது, ஐயா.

சலூன்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் பேக்கரிக்காரர் திரும்பினார். ஓரமாகத் தாவியிருக்கலாம். தாவவில்லை. 'வண்டி' என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடி, டீச்சரை இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். எல்லோரும் சிதறி ஒதுங்கினார்கள். அவருக்கு நேரம் போதவில்லை.

என் தங்கை பந்தோடு வெளியே வந்தாள். பந்தைக் கீழே வைக்காமலே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, நீ பாக்கலையா?"

"பாத்தேன்" என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் பதிவேட்டை எழுதி முடித்துவிட்டேன். 'முறையின்றிக் கத்தியவர்: கோல்கீப்பர். விலக்கு: இரண்டு வாரம்.' நேற்று அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்துப் போட்டு, "நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று கேட்டீர்கள். சலூன்காரருக்கு ஒரு நியாயம், சொந்தக்காரருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

நீங்கள் கேட்டதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை நகர்த்தினேன். வேன் வருவதைப் பார்த்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் கத்தாமல் இருந்தேன். 'கவனக்குறைவு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இருபது வருட வேலையில் அந்தச் சொல்லை யாரும் என் மேல் போட்டதில்லை. கை தூக்கும் கூட்டம் நடக்கவில்லை. இருபத்தேழு விதிகளும் இன்றுவரை அமலில் இருக்கின்றன.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. உறுப்பினர் யாருக்காவது கஷ்டம் வந்தால், மற்றவர்கள் மூன்று நாளுக்குள் நேரில் வந்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இருபத்திரண்டாம் விதி சொல்கிறது. என்னை இங்கே கொண்டுவந்து இன்றோடு ஐந்து நாள். என் தங்கை உட்பட ஒருவரும் வரவில்லை. பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.