கால்வாய்க்கரைச் சரளை

– இறங்குங்க நர்ஸம்மா, இறங்குங்க! இந்த எடத்துல மட்டும் தள்ளிக்கினு வாங்க.

– தள்ளறதுக்கா சைக்கிள் வச்சிருக்கேன்? நகரு கன்னியப்பா. மூணு மாசம் கழிச்சி இன்னிக்கித்தான் ஏறியிருக்கேன், பாதி வழியில மறிச்சிக்கினு நிக்கிறியே.

– இங்க இன்னும் திமிசுக் கட்டையால அடிச்சி இறுக்கலம்மா. சரளை உருளுது. ஒரு பத்தடிதான்... இடது கை எப்பிடிம்மா இருக்குது?

– கட்டு அவுத்து எட்டு நாளாச்சி. பாரு, மடக்கறேன், மடங்குது. குளுரு காத்து பட்டா மட்டும் உள்ள குடையும்.

– ஐயோ...

– இன்னாத்துக்கு ஐயோ? முறிஞ்சது என் கை. உன் மூஞ்சி ஏன் இப்பிடிச் சுண்டிப் போவுது?

– ஒண்ணுமில்லம்மா. வெயிலு.

– காத்தால ஏழு மணிக்கு வெயிலு! தோல் ஷாப்புக்குப் போகலியா இன்னிக்கி?

– போவணும். தோலு தொட்டியில ஊறிக்கினு கெடக்குது. அது எங்க எழுந்து ஓடிடப் போவுது?

– உன்னப் பாத்தா அதுவும் ஓடும். சரி, தலையில இன்னா கூடை?

– இதுவா... சும்மா. சரளை.

– சும்மா சரளையத் தூக்கறவன ஆம்பூர்ல இப்பத்தான் பாக்கறேன். இந்தா, ஒண்ணு கேக்கறேன். மாதனூர் மதகுலருந்து இது வரைக்கும் கரை முழுக்கப் புதுச் சரளை. கெட்டியா, மட்டமா இருக்குது. முன்ன இதுல வந்தா என் முதுகெலும்பே கழண்டுடும். இன்னிக்கி மிதிக்கறதே தெரியல. யாரு போட்டது?

– சர்க்கார்ல போட்டிருப்பாங்க.

– சர்க்கார்லயா?

– ஆமாம்மா. ஓவர்சீயரு வந்தாரு...

– ஓவர்சீயரு வந்து, அளந்து, ஒத்த சைக்கிள் போற அகலத்துக்கு ரோடு போட்டுட்டுப் போனாரா? கவர்னருக்கே அப்பிடிப் போட மாட்டாங்களே.

– எனக்கு நேரமாச்சி, வர்றேம்மா.

– கன்னியப்பா.

– நாந்தாம்மா.

– அப்பிடிச் சொல்லு.

– ஷாப்புக்குப் போறதுக்கு முன்ன கொஞ்சம், வந்தப்புறம் கொஞ்சம். பாலாத்துலருந்து அள்ளினது. செண்பகம் சலிச்சிக் குடுத்தா. பெருங்கல்லு மாட்டினா சக்கரம் தூக்கி அடிக்கும்னு பஜார்ல சைக்கிள் ரிப்பேரு பண்ற அப்துல் ஹமீது சொன்னான்.

– செண்பகமா? உன் கைக்கொழந்தைய வச்சிக்கினு ஆத்துலயா நிக்கிறா?

– கரையில தூளி கட்டிப் போட்டுடுவா. அது தூங்கினாத்தானே! எந்நேரமும் கத்தல். பல்லு வேற வந்துடுச்சி.

– வந்துடுச்சா! எத்தினி?

– கீழ ரெண்டு. தோள்ல போட்டா கடிக்குதும்மா. ஊரே அத 'சைக்கிளு'ன்னுதான் கூப்பிடுது.

– அடப் பாவி! நான் எவ்ளோ அழகா பேரு சொல்லிக் குடுத்தேன்.

– அது ஏட்டுல இருக்குதும்மா. வாயில சைக்கிளுதான் வருது. நீங்க சைக்கிள்ல வரலன்னா அது ஏது? மொத ரெண்டு கொழந்தைக்கும் ஆளு ஓடி, வண்டி கட்டி, கப்பி ரோட்டச் சுத்திக்கினு வர்றதுக்குள்ள... ரெண்டையும் இந்தக் கையாலதான் ஆத்தோரம் பொதச்சேன். மூணாவதுக்கு நீங்க இந்தக் கரை மேல வந்தீங்க. முட்டி வரைக்கும் சேறு. எங்க தெருவுக்குள்ள ஷாப்பு நாத்தத்துக்கு எவனும் வர மாட்டான். நீங்க வந்து, எங்க பானையிலயே தண்ணி மோந்து கை கழுவினீங்க.

– வேற எந்தப் பானையில கழுவறதாம்?

– சிரிக்காதீங்கம்மா. சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்.

– சரி, சரி. கண்ணத் தொடச்சிக்கோ. அதுக்குத்தான் இந்தச் சரளையா?

– அதுக்கும்தான்.

– 'அதுக்கும்'னா? வேற இன்னா இருக்குது?

– ஒண்ணுமில்ல... ஆஸ்பத்திரி டாக்டரம்மா உங்க சைக்கிளப் புடுங்கிக்கப் போறாங்களாமே? நெசமா?

– பேச்ச மாத்தறே.

– இல்லம்மா, சொல்லுங்க. பஜாரெல்லாம் அதே பேச்சு. எனக்குச் சோறு எறங்கல.

– புடுங்கறதாத்தான் இருந்தாங்க. 'மரியம்மா, எப்பிடி விழுந்தே, எழுதிக் குடு. வழி சரியில்லன்னா அந்தக் கால்வாக்கரையும் வேணாம், சைக்கிளும் வேணாம். பிரசவத்துக்கு மாட்டு வண்டியில கப்பி ரோட்டுல போ'ன்னாங்க.

– வண்டியிலயா! ஒம்போது மைலு சுத்திக்கினா? அதுக்குள்ள பொம்பளைங்க...

– நானும் அதத்தான் சொன்னேன். 'விழுந்தவ பேசாதே, எழுது'ன்னுட்டாங்க.

– எழுதினீங்களா?

– எழுதினேன்.

– இன்னான்னு?

– எருமை குறுக்க வந்துச்சின்னு.

– எருமையா?

– எருமைதான். படிச்சிட்டு டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. 'அடுத்த தபா மணிய அடி'ன்னு சொல்லி சாவியக் குடுத்துட்டாங்க.

– எந்த... எந்த எருமைம்மா?

– கால்வாயில எருமைக்கா பஞ்சம்? கருப்பா ஒண்ணு. கொம்பு இருந்துச்சி. வாலு இருந்துச்சி.

– அன்னிக்கி இங்க எருமையே இல்லியேம்மா!

– உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அப்ப ஷாப்புலதானே இருந்தே?

– இருந்தேன்... அதுக்கு முன்ன இங்க வந்தேன்.

– இன்னாத்துக்கு வந்தே?

– அம்மா, கூடைய எறக்கிடறேன், இப்பிடி வேப்பமர நெழல்ல உக்காருங்க...

– நான் எங்கயும் உக்காரல. நின்னுக்கினுதான் இருக்கேன். சொல்லு.

– எருமை இல்லம்மா. நாந்தான்.

– நீயா குறுக்க வந்தே?

– வெளையாடாதீங்கம்மா... கொழந்த பொறந்தப்புறம் உங்களுக்கு இன்னா செய்யறதுன்னே தெரியல. கோழி கொண்டாந்தேன், 'செண்பகத்துக்கு ஆக்கிப் போடு'ன்னு திருப்பிட்டீங்க. இந்தக் கரையில நீங்க குலுங்கிக்கினு போறத ஷாப்பு வாசல்லருந்து பாப்பேன். அங்க ஆவாரம்பட்டைச் சக்கை மலை மாதிரி கெடக்குது. தோலோட ஊறி முடிஞ்சி, பிழிஞ்சி கொட்டினது. காஞ்சா மெத்துமெத்துன்னு இருக்கும், நாங்க மத்தியானத்துல அது மேலதான் படுப்போம். நம்ம நர்ஸம்மாவுக்கு முதுகு நோவாதுன்னு கூடை கூடையா கொண்டாந்து இந்தப் பத்தடியில பரப்பினேன்.

– ம்.

– மூணு நாளு நல்லாத்தான் இருந்துச்சி. நீங்ககூட சிரிச்சிக்கினே போனீங்க. நாலாம் நாளு விடியறப்போ மழை. வந்து பாத்தா, கால வச்சதும் வழுக்குது. பட்டையும் கொழுப்பும் ஊறிப்போயி கூழு மாதிரி ஆயிடுச்சி. அள்ளிடலாம்னு குனிஞ்சேன். ஷாப்பு மணி அடிச்சிட்டாங்க. மழையில நர்ஸம்மா வர மாட்டாங்க, சாயந்திரம் அள்ளிக்கலாம்னு... ஓடிட்டேன்மா.

– மழை பேஞ்சா பிரசவம் நிக்குமா கன்னியப்பா?

– புத்தியில்லம்மா எனக்கு. நீங்க கால்வாயில கெடக்கறீங்கன்னு ஆளு வந்து சொன்னப்போ என் ஈரக்கொலயே அறுந்துபோச்சி. அன்னிக்கி சாயந்திரமே எல்லாத்தயும் சொரண்டிட்டு சரளைய ஆரம்பிச்சேன். மூணு மாசமா சொல்லணும் சொல்லணும்னு ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வருவேன், திரும்பிடுவேன். இப்ப கெளம்புங்க, நானும் கூட வர்றேன்.

– எங்க?

– டாக்டரம்மாகிட்ட. கரை மேல தப்பில்ல, உங்க மேல தப்பில்ல, இந்த மடையன் மேலதான் தப்புன்னு நானே சொல்லிடறேன். கேக்காம ஷாப்பு சரக்கத் தூக்கினேன்னு மொதலாளி சர்தார் பாஷா சாயபு வேலைய விட்டு வெரட்டினாலும் வெரட்டட்டும்.

– வாய மூடு.

– அம்மா...

– மூடுன்னா மூடு. அங்க போயி நீ எதையாவது ஒளறினா, கரையும் போச்சி, சைக்கிளும் போச்சி, உன் வேலையும் போச்சி. நாளைக்கி மாதனூர்ல ஒருத்திக்கு நோவு கண்டா, வண்டி கட்டறதுக்கு நீ போறியா?

– அப்ப... உங்களுக்கு என் மேல கோவமே இல்லியா? நீங்க எழுதினது பொய்யின்னு தெரிஞ்சா...

– நெசம் அன்னிக்கே தெரியும் எனக்கு. விழுந்து எழுந்திரிக்கறப்பவே புடவையெல்லாம் பட்டைச் சக்கை. யாரு போட்டதுன்னு யோசிக்க வேண்டியதே இல்ல. பதினோரு வருசமா இந்தக் கரையில போறேன், வெயில்ல, சேத்துல, முள்ளுல. 'நர்ஸம்மா எப்பிடித்தான் போறாங்களோ'ன்னு ஒரு ஜனம் கேட்டதில்ல. எனக்காக ஒரு கூடை கொண்டாந்து கொட்டறவன் வேற யாரு இருக்கான்? பொய் எழுதினதுக்குக் கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் அன்னிக்கி ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ண மூடினேன்... வாயில ஸ்தோத்திரந்தான்டா வந்துச்சி.