கவுகாத்தியில் பிறந்த தென்காசிக்காரர்கள்

காவல் நிலையத்தில் டீ இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, சார். குற்றாலச் சாரலுக்கு இஞ்சி தட்டிப் போட்டால் அது தனிச் சுகம்தான். எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் தில்லைநாயகம். தென்காசியில் காசி விஸ்வநாதர் கோயில் பக்கம் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்கே தெரியும். போன வருஷம் ஐப்பசியில் உங்கள் மகள் ஜெயபிரியாவின் ஜாதகத்துக்கு என்னிடம்தான் வந்தீர்கள். நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

புகார் கொடுத்தவன் என் மைத்துனன் பரமேஸ்வரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய லேப்டாப்பை நான் வேண்டுமென்றே நாசம் செய்தேன் என்கிறான். சொல் கொஞ்சம் கடுமை. விஷயம் சரிதான்.

லீவுக்கு வந்தவன் என் கடைக் கம்ப்யூட்டரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

"அத்தான், இன்னும் இந்த விண்டோஸ் ஏழ வச்சு எத்தன நாளைக்கு மாரடிப்பீக? மேக்குக்கு மாறுங்க. பத்து நாள் என்னோடத வச்சுப் பாருங்க, புடிச்சா ஒண்ணு வாங்கிருவோம்."

"மாப்ளே, இதுல வலது பக்கப் பொத்தானக் காணுமே?"

"பொத்தானே கிடையாது. ரெண்டு விரல வையுங்க."

"ரெண்டு விரல வைக்கதுக்கு இது என்ன, நாடி பாக்குற வேலையாடே?"

நான் எடுத்தவுடன் மறுக்கிற ஆள் இல்லை. அப்பா தென்காசி பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்தார். எந்தச் சரக்கையும் ஒரு மணி நேரமாவது குறை சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் தொடுவார்கள். ஒரு தாளை எடுத்து மேக் ஒரு பக்கம், விண்டோஸ் ஒரு பக்கம் என்று மூன்று நாள் எழுதினேன். மேக் பக்கம் வைரஸ் பயம் குறைவு, வேகம், அழகு என்று பதினொரு காரணம் சேர்ந்துவிட்டது. அதன் பெயரில் இருந்த ஒரே குறை, எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே விலை சொல்கிறார்கள் என்பது. பேரம் பேசாமல் வாங்குவது எனக்கு ஓசியில் கொடுப்பது மாதிரி.

விண்டோஸ் பக்கம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை நான் எழுதவில்லை.

விண்டோஸில் மட்டுமே ஓடும் என் பழைய ஜாதகப் புரோகிராம்தான் அது. நான் கம்ப்யூட்டர் வாங்கியபோது கொசுறாகக் கேட்டு வாங்கியது. அதற்கு முன் யாரோ பட்டாளத்துக்காரர் வைத்திருந்த பிரதி. தேதியும் நேரமும் அடித்தால் போதும், நாற்பது பக்கம் வந்து விழும். மூன்றாவது வருஷம் இலத்தூர் பாலம்மாள் கடைசிப் பக்கத்தில் ஒரு பொடி எழுத்தைக் காட்டி, "இது எந்தூரு அண்ணாச்சி?" என்று கேட்டபோதுதான் நானும் படித்தேன். பிறந்த ஊர்: கவுகாத்தி. அஸ்ஸாமில் இருந்த அந்தப் பட்டாளத்துக்காரர் போட்டு வைத்த ஊர், யாரும் மாற்றாமல் அப்படியே நின்றிருந்தது.

நேரம் அதே நேரம். ஆனால் சூரியன் அங்கே நமக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறான். அதனால் பாதிப் பேருக்கு லக்கினம் மாறி, செவ்வாய் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்திருந்தது. தோஷம் உள்ளவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது. இல்லாதவர்களுக்கு வந்திருந்தது.

திருத்தியிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் அறுநூறு ஜாதகம் வெளியே போயிருந்தது. புதியது பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் குழப்பம். அப்பா கடையில் அரிசி அளக்கும் படிக்கு அடிப்பக்கம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும், சார். ஆனால் ஊருக்கெல்லாம் அதே படிதான். யாருக்கும் பாரபட்சம் கிடையாது. நானும் அப்படியே நடந்துகொண்டேன்.

அதன் பிறகு எனக்கும் பரமேஸ்வரனின் அக்கா யோகலட்சுமிக்கும் கல்யாணப் பேச்சு நடந்தது. மாமனார் செவ்வாய் விஷயத்தில் கறார். என் ஜாதகத்தை மட்டும் ஊர்ப் பெயரை மாற்றித் தென்காசியில் போட்டுப் பார்த்தேன். நாலாம் வீட்டில் செவ்வாய், அப்பட்டமான தோஷம். கவுகாத்தியில் அதே செவ்வாய் மூன்றாம் வீட்டில் சாதுவாக இருந்தது. மாமனாருக்குக் கவுகாத்தியைக் கொடுத்தேன். யோகலட்சுமியுடையதையும் கவுகாத்தியிலேயே போட்டேன். தென்காசியில் போட்டுப் பார்க்கவில்லை. சொல்லாமல் பார்ப்பது மரியாதை இல்லை.

பதினொரு வருஷம் நல்ல குடித்தனம். அதில்தான் இந்த மேக் வந்து உட்கார்ந்தது. பரமேஸ்வரன் அதில் ஏற்றிய புரோகிராம், பிறந்த ஊரை வரைபடத்தில் தொட்டுக் காட்டாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. யோகம் சந்தோஷமாகச் சொன்னாள்:

"ஏலே பரமு, மொதல்ல எங்க ரெண்டு பேரு ஜாதகத்தையும் போடுலே. ராசியா இருக்கும்."

"புது வண்டிக்கே பூஜை போடுதோம். இதுக்கு வேண்டாமா? நாளைக்குக் குற்றாலநாதர் கோயிலுக்குக் கொண்டு போவோம். பொறவு தொடுங்க" என்றேன்.

பூஜை முடிந்தது. பரமேஸ்வரன் லேப்டாப் பையை என் கையில் கொடுத்துவிட்டு மெயின் அருவிக்குள் போனான். கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் போனேன். அரை மணி நேரம் நின்றேன். தண்ணீருக்குள் யாரும் கண்ணைத் திறந்து பக்கத்து ஆளைப் பார்ப்பதில்லை. கரையில் நின்ற உங்கள் கான்ஸ்டபிள்தான், "யோவ், பையோடயா குளிக்க?" என்று கேட்டார். "இதுவும் பெங்களூர்லேருந்து வந்திருக்கு சார்" என்றேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை என்பதால் அதற்கு எண்ணெய் மட்டும் வைக்கவில்லை. சட்டம் என்றால் எனக்குப் பயம்.

ஆனால் அதே புரோகிராம் போனிலும் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வீட்டுக்கு வந்ததும் பரமேஸ்வரன் போனை எடுத்துத் தென்காசியைத் தொட்டான். எனக்குத் தோஷம். யோகத்துக்கும் தோஷம். இரண்டு பக்கமும் இருந்தால் கழிந்துவிடும், சார். அமோகப் பொருத்தம்.

யோகம் என்னைப் பார்த்தாள். "நம்ம கல்யாணத்தப்போ இந்தச் செவ்வா எங்க போயிருந்துச்சு?"

"கவுகாத்திக்கு" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா அந்தப் பெட்டியக் குளிப்பாட்டுனீக?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தம்பி சிரிக்கவில்லை. நேராக இங்கே வந்துவிட்டான்.

என் குடும்பமே சாட்சி, கவுகாத்தியால் யாரும் கெட்டுப்போகவில்லை. இருந்தாலும் உங்கள் மீது உள்ள மரியாதைக்காக, ஜெயபிரியாவின் ஜாதகத்தையும் அந்தப் போனில் போட்டுப் பார்த்தேன். எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விட்டது. சுத்த ஜாதகம், சார். தோஷம் என்று சொல்லி அந்தச் செங்கோட்டை வாத்தியார் வீட்டில் வேண்டாம் என்றார்களே, அது கவுகாத்தி தோஷம். பையனுக்குத் தையில் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் ஜாதகமும் நம் கடையில் எழுதியதுதான்.

அந்த ஒரு லேப்டாப்பைத் தவிர நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏன் சார் நிறுத்திவிட்டீர்கள், பேனா எழுதவில்லையா? இந்தாருங்கள், என்னுடையது.