ஒரு கிதாரும் இரண்டு காதும்

எலெக்ட்ரிக் கிதாருக்கு வயிற்றில் ஓட்டை கிடையாது, டாக்டரம்மா. சாதாரண கிதார் எப்போதும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இது வயர் மாட்டினால் மட்டும் பேசும். மரியாதை தெரிந்த வாத்தியம்.

ஓய்வு பெற்ற மறுநாளே வாங்கிவிட்டேன். செர்ரிப்பழச் சிவப்பு. முதுகுப் பக்கத்தில் ஒரு வளைவு. மடியில் வைத்தால் என் தொந்திக்கு வழிவிட்டு உட்காரும். கம்பிகளுக்குக் கீழே ஆறு காந்தப் பொட்டுகள். வயர் இல்லாமல் மீட்டினால் கொசு முனகல்தான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஒரே ஒரு கம்பியைத் தொட்டேன். அலமாரியில் தட்டுகள் தாளம் போட்டன, தெருவில் நின்ற ஏழு கார்களும் அலாரம் அடித்துக் கூடவே பாடின. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த ஸ்வரம் அப்போதும் நின்றுகொண்டிருந்தது.

கதவருகே என் மனைவியும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காதிலும் நீங்கள் கொடுத்த மிஷின்.

"என்னங்க, மிக்ஸிக்குள்ள ஸ்பூன் விழுந்துடுச்சா?"

நான் கோபப்படவில்லை. மறுநாள், "அரைச்சது போதும், கழுவி வைங்க" என்றாள். அதற்கு மறுநாள் அவள் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தவள், போனை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அக்கா சிரித்த சிரிப்பு ஆம்ப்ளிஃபயரையும் தாண்டி வந்தது. அக்காவுக்குக் கண் மங்கல், இவளுக்குக் காது மந்தம். தினமும் ஒரு மணி நேரம் இருவருக்கும் அந்த போன்தான் உலகம்.

நான் முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவன். ஒட்டியதை உரிப்பதும் உரித்ததை ஒட்டுவதும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உங்கள் மிஷினின் பேட்டரி ஒரு பருப்பளவு. முதுகில் குட்டி ஸ்டிக்கர். அதை உரித்தால்தான் உயிர் வரும். தீர்ந்துபோன பேட்டரிகளின் முதுகில் ஸ்டிக்கரை ஒட்டி, பழையபடி அட்டையில் சொருகி வைத்தேன். அவளே தன் கையால் உரித்துப் போட்டுக்கொண்டாள். நான் எதையும் வற்புறுத்தவில்லை.

"புதுசு போட்டும் ஒண்ணும் கேக்கலையேங்க."

"வயசாச்சில்ல" என்று தாளில் எழுதிக் காட்டினேன். உங்களிடம் கூட்டிப்போகச் சொன்னாள். நீங்கள் வெளிநாடு போயிருப்பதாக எழுதினேன். இரண்டு வருஷம் நீங்கள் வெளிநாட்டில்தான் இருந்தீர்கள், டாக்டரம்மா.

அக்காவோடு போன் முதலில் நின்றது; அவள் மெல்ல மெல்லப் பேசுவதையே விட்டுவிட்டாள். வீட்டில் அப்படி ஒரு அமைதி. என் விரல்களும் நன்றாகத் தேறின.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவே கூப்பிட்டார். "மாப்ள, அவகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லணும், குடுங்க." பெரியவர்கள் கேட்டால் மறுக்கக் கூடாது, கொடுத்தேன். இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எதுவும் பேச மாட்டேங்கிறாளே."

நல்ல பேட்டரி மேஜை டிராயரில் இருந்தது. நாலு எட்டு நடந்தால் போதும். ஆனால் பல மாதமாக வசப்படாத பாட்டின் ஒரு இடம் அன்றுதான் விரலுக்கு வந்திருந்தது; எழுந்து போனால் போய்விடும். "அக்கா தூங்கிட்டாங்க" என்று எழுதிக் காட்டினேன். மூன்றாம் நாள் அதுவும் உண்மையாகிவிட்டது.

இன்று காலை அவள் தனியாக பஸ் ஏறி உங்களைத் தேடி வந்துவிட்டாள். நீங்கள் உங்கள் பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கு அக்கா லைன்ல இருந்தாளா? என்ன சொன்னா?"

என்ன சொன்னார் என்பது எனக்கும் தெரியாது. ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆமாம், ஒட்டியது நான்தான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்: இந்த இரண்டு வருஷத்தில் என் வாசிப்பில் அவள் ஒரு குறைகூடச் சொன்னதில்லை.